அண்ணாந்து பாருங்க: மேசைக்கு வராத வெளிச்சத்துக்கு யார் காசு கட்டுறது?

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று மலையகத்தில் யாருக்காவது புத்தி சொல்ல வேண்டுமானால், அதை லயத்துக்காரருக்குத்தான் சொல்வார்கள். ஒரு காம்பரா, ஒரு மின்குமிழ், பிள்ளை படிக்கிற நேரத்துக்கு இன்னொரு மின்குமிழ். அதையும் அணைக்கச் சொல்வார்கள். டவுனில் இருக்கிற ஆபிஸ்களின் சீலிங்கை அண்ணாந்து பார்க்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம். பாருங்க.

அப்புத்தளையில் எந்த ஆபிஸானாலும் சரி. வங்கி, லீசிங் கம்பனி, காப்புறுதி, அரச அலுவலகம், எதுவும் விதிவிலக்கு இல்லை. பகல் பதினொரு மணி. வெளியே வெயிலோ மூடுபனியோ, எப்படியும் பகல். உள்ளே ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கும். சீலிங் முழுக்க சதுரம் சதுரமாக எல்ஈடி பேனல், அத்தனையும் எரியும். ஆள் இருக்கிற மேசைக்கும் ஆள் இல்லாத மேசைக்கும் ஃபைல் அலுமாரிக்கும் நடக்கிற பாதைக்கும் ஒரே அளவு வெளிச்சம். ஆனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று படிவம் நிரப்புகிற அம்மாவின் தாளில் அவங்க தலை நிழல்தான் விழுந்து கிடக்கும். (அந்தப் படிவம் தமிழில் இல்லை என்பது வேற சண்டை. அதை இன்னொரு நாள் பிடிப்போம்.)

இதைத்தான் "எனர்ஜி சேவிங்" என்று போர்டு வைத்துக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: சிக்கனமான விளக்கை வாங்கினால் வெளிச்சம் சிக்கனமாகிவிடாது. எங்கே, எப்போது, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று யோசிக்காமல் சீலிங்கை நிரப்புவது, எந்த விளக்கை மாட்டினாலும் ஊதாரித்தனம்தான். அந்த ஊதாரித்தனத்துக்கு விலை கொடுத்தது எங்கள் மலை.

பல்பை மாத்தினா போதுமா?

நாங்கள் எல்ஈடிக்கு எதிரி இல்லை. பழைய 36 வாட் டியூப் லைட்டில் சோக் மட்டுமே கிட்டத்தட்ட 10 வாட்டைத் தின்றது. அந்த இடத்தில் 18 வாட் எல்ஈடி டியூப் வந்தது நல்ல விஷயம். பழைய இழை பல்பு ஒரு வாட்டுக்கு 15 லூமன் கொடுத்தாலே பெரிய காரியம். இன்றைக்குச் சாதாரண எல்ஈடியே 100 லூமன் கொடுக்கிறது. (லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் ஒளியின் அளவு. லக்ஸ் என்பது அந்த ஒளியில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது. கீழே கணக்கு வருகிறது, இந்த இரண்டையும் ஞாபகம் வைங்க.)

பிரச்சினை அதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. விளக்கு மலிவாகிவிட்டது, கரண்டும் குறையத் தின்கிறது. "அப்ப இன்னும் நாலு போடுவோமே" என்கிறார்கள். நாலு டியூப் இருந்த இடத்தில் பன்னிரண்டு பேனல் ஏறுகிறது. 1865ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரியை வைத்து இதைச் சொன்னார்: இயந்திரம் குறைந்த கரியில் ஓட ஆரம்பித்தால் நாட்டில் கரிச் செலவு குறையாது, கூடும். மலிவாகிற எதையும் மனுசன் கூடுதலாகப் பாவிப்பான். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு எங்கள் ஆபிஸ் சீலிங்கில் அதையே பார்க்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வெறும் ஆவேசமா எழுதுறாங்க என்று நினைக்காதீங்க. கணக்கு இருக்கு.

8 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 48 சதுர மீட்டர் அறை. எட்டு மேசை. எழுதுவதற்கும் கணினி வேலைக்கும் மேசைப் பரப்பில் 500 லக்ஸ் வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12464. வழக்கமான பாஸ் என்ன செய்கிறார்? அறை முழுவதற்கும் 500 லக்ஸ் கொடுக்கிறார். 48 சதுர மீட்டருக்கு 500 என்றால் 24,000 லூமன். ஆனால் விளக்கில் இருந்து கிளம்பும் ஒளி முழுசா மேசைக்கு வராது. சுவர், சீலிங், தூசி எல்லாம் பங்கு எடுத்த பிறகு கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சும். ஆக விளக்குகள் ஏறத்தாழ 48,000 லூமன் தர வேண்டும். 40 வாட், 4,000 லூமன் பேனல் என்றால் பன்னிரண்டு வேண்டும். மொத்தம் 480 வாட். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம், மாதம் 22 நாள் எரிந்தால் 95 யூனிட்.

இப்ப அதே தரநிலையை முழுசா வாசிங்க. 500 லக்ஸ் என்பது வேலை நடக்கிற பரப்புக்கு மட்டும்தான். அதை ஒட்டிய இடத்துக்கு 300. அதற்கும் அப்பால் 100 இருந்தாலே போதும். அலுமாரிக்கு மேலேயும் நடக்கிற பாதையிலும் 500 வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அப்படியானால் அறைக்குப் பொதுவாக 200 லக்ஸ் வைப்போம். அதுக்கு 5 பேனல், 200 வாட். ஒவ்வொரு மேசைக்கும் 8 வாட்டில் ஒரு மேசை விளக்கு, எட்டுக்கும் சேர்த்து 64 வாட். கை எட்டுகிற தூரத்தில் இருக்கிற அந்தச் சின்ன விளக்கு, சீலிங்கில் இருக்கிற பெரிய பேனலைவிடத் தாளுக்குக் கூடுதல் வெளிச்சம் தரும். காரணம் தூரம். ஒரு சின்ன விளக்குக்கும் தாளுக்கும் இடையிலான தூரம் இரட்டித்தால் தாளில் விழும் ஒளி நாலில் ஒன்றாகும். இது இயற்பியல் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான்.

5 பேனலில் ஜன்னலோரம் இருக்கிற இரண்டுக்குத் தனிச் சுவிட்ச் வைத்து, பகலில் ஆறு மணித்தியாலம் அணைத்து வைப்போம். மேசை விளக்கு தேவைக்கு ஏற்ப ஐந்து மணித்தியாலம் எரியட்டும். ஒரு நாளைக்கு 1.64 யூனிட். மாதம் 36.

முன்னது 95, பின்னது 36. ஒரே அறை, ஒரே வேலை. மிச்சம் 59 யூனிட். வீட்டு மின்கட்டணப் பட்டியலில் முதல் படி 30 யூனிட். அதற்குள்ளேயே மாதத்தை ஓட்டுகிற லயத்து வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த மாதிரி இரண்டு வீட்டின் மாதக் கரண்ட், ஒரேயொரு ஆபிஸ் அறையின் அலுமாரிக்கு மேல் எரிந்து போகிறது.

உலகம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் ஆஷ்ரே 90.1 தரநிலை 2004இல் அலுவலகக் கட்டிடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10.8 வாட் வரை அனுமதித்தது. 2019இல் அதை 6.9 ஆக இறக்கியது. எங்கள் பன்னிரண்டு பேனல் அறை சதுர மீட்டருக்கு 10 வாட். 2004இல் பாஸ், 2019இல் ஃபெயில். மேசை விளக்கு அறை 5.5 வாட். சும்மா பாஸ்.

சீலிங் அடிச்ச அன்னைக்கே ஜன்னல் செத்துப் போச்சு

பழைய தோட்டத்து ஆபிஸையும் பங்களாவையும் பாருங்க. உயரமான சுவர், உயரமான ஜன்னல், ஜன்னலுக்கு மேலே இன்னொரு சின்னக் கண்ணாடி. தம்பேதன்னையில் லிப்டன் 1890இல் கட்டிய ஃபெக்டரியின் மேல்மாடிகளைப் பாருங்க, வரிசை வரிசையாக ஜன்னல். கொழுந்து வாட்டக் காற்று வேண்டும் என்பதற்காக வைத்தது, கூடவே வெளிச்சமும் வந்தது. தொரைமார் ஆண்ட காலத்துக்கு நாங்கள் ஒன்றும் ஏங்கவில்லை. அந்த ஃபெக்டரியில் வேலை செய்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த லயக் காம்பராவுக்கு ஒழுங்கான ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். கொழுந்துக்குக் கிடைத்த காற்றும் வெளிச்சமும் கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பகல் வெளிச்சத்தைக் கட்டிடத்துக்குள் கொண்டு வருவது எப்படி என்று இந்த மலையில் அன்றைக்கே தெரிந்திருந்தது.

இப்ப என்ன செய்கிறோம்? அதே மாதிரிப் பழைய கட்டிடத்தை வாடகைக்கு எடுத்து, "மொடர்ன் லுக்" வேண்டும் என்று தொங்கு சீலிங் அடிக்கிறோம். 12 அடி உயர அறை 8 அடியாகிறது. ஜன்னலுக்கு மேலே இருந்த கண்ணாடி சீலிங்குக்கு மேலே போய்விடுகிறது, யாருக்கும் உதவாமல். பகல் வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதைத் தீர்மானிப்பதே ஜன்னலின் மேல் விளிம்பு. அந்த உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் வரைக்கும் பிரயோசனமான வெளிச்சம் கிடைக்கும் என்பது கட்டிடக் கலைஞர்களின் பொதுவான கணக்கு. மேல் விளிம்பு 3 மீட்டரில் இருந்தால் 6 மீட்டர் ஆழத்துக்கு வரும். நாங்கள் கணக்குப் போட்ட அறையின் அகலமே அவ்வளவுதான். சீலிங்கை இறக்கி விளிம்பை 2 மீட்டராக்கினால் 4 மீட்டரோடு நின்றுவிடும். பிறகு உள்வரிசை மேசைக்காரர் "இருட்டா இருக்கு" என்பார். அதுக்கு நாலு பேனல். அந்த இருட்டை நாமே காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

சுவிட்ச் போடுகிற முறையும் அப்படித்தான். பெரிய ஹோல் முழுவதற்கும் ஒரு சுவிட்ச். இல்லாவிட்டால் ஜன்னலில் இருந்து உள்சுவர் வரைக்கும் ஓடுகிற வரிசைக்கு ஒன்று. ஜன்னலோர விளக்கை அணைத்தால் உள்ளே இருப்பவரின் விளக்கும் அணையும். அதனால் யாரும் எதையும் அணைப்பதில்லை. வரிசையை ஜன்னல் சுவருக்கு இணையாகப் பிரித்து வயர் இழுத்திருந்தால் கதை முடிந்தது. சென்சர், ஆப் எதுவும் வேண்டாம். வயரிங் பாஸிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய ஒரு வசனம், அவ்வளவுதான்.

"இங்க மூடுபனி, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். 1,400 மீட்டருக்கு மேலே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மூடுபனியை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மூடுபனி இருட்டு இல்லை. மலை தெரியாத அளவுக்கு மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். 10,000 லக்ஸ் இருக்கிற மூட்ட நாளில் அதில் நூறில் இரண்டு பங்கு அறைக்குள் வந்தாலே 200 லக்ஸ். மேலே பொது வெளிச்சத்துக்கு நாங்கள் கேட்டதே அதுதான். இன்னொன்று, மூடுபனி வெளிச்சம் நாலு பக்கமும் பரவி வருகிற மெத்தென்ற வெளிச்சம். கண்ணைக் குத்தாது, கணினித் திரையில் வெயில் அடிக்காது. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் இயற்கை சும்மா தருகிற நல்ல ஆபிஸ் வெளிச்சம் அது. அதை மறைக்கத் திரை போட்டுவிட்டு, உள்ளே 6,500 கெல்வின் நீல வெள்ளையில் ஐஸ் பெட்டி மாதிரி ஒரு வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். குளிர் ஊரில் இந்த ரசனை எங்கிருந்து வந்ததோ!

உண்மையாகவே இருட்டுகிற பின்னேரங்கள் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறோம். அதற்குத்தானே விளக்கு. வேண்டாம் என்று யார் சொன்னது? அது வேண்டிய நேரத்தில் எரியட்டும்.

"வயசானவங்களுக்குக் கூட வெளிச்சம் வேணும்" என்று இன்னொரு நியாயம் சொல்கிறார்கள். உண்மைதான். 60 வயதுக் கண்ணுக்குள் போகிற ஒளி 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அதனால்தான் கவுன்டரில் விளக்கு வைக்கச் சொல்கிறோம். ஈபிஎஃப் காசுக்காகத் தோட்டத்தில் இருந்து பஸ் ஏறி வருகிற தாத்தா பேனா பிடிக்கிற இடத்தில் ஒரு 8 வாட் விளக்கு. அவர் தலைக்குப் பின்னால் எரிகிற பேனல் அவருக்கு நிழலை மட்டும்தான் தரும்.

ஒரு யூனிட் எங்கேயிருந்து வருது?

சுவிட்சைப் போட்டால் வருவதில்லை, தோழர்களே. அது எங்கள் காலுக்குக் கீழே இருந்து வருகிறது.

உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தைக் குடையும்போது 2014 கடைசியில் நிலத்தடித் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் சனம் பண்டாரவளைத் தெருவில் இறங்கியது. அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசியை அழைத்துத் திறந்து வைக்கப்பட்டது. 120 மெகாவாட். ஊவாவுக்கு வெளியே போனாலும் இதே கதைதான். மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கம் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின, 2012இல் 150 மெகாவாட் வந்தது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் கோயில் தலைகாட்டும்.

நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவர்கள் நாங்கள். இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை, தண்ணீரும் நிலமும் கொடுத்த கணக்கு. திருப்பி என்ன கிடைத்தது? 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. அந்த நெருக்கடிக்கு நடுவே மே மாதத்தில் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதின. லாம்பு கொளுத்தலாம் என்றால், அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. 30 யூனிட் எரிக்கிற வீட்டின் கரண்ட் பில் 105 ரூபாய் இருந்தது. 2022 ஆகஸ்டில் 360, 2023 பெப்ரவரியில் 1,300. அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு முழுப் பேரின் சம்பளம் 1,000 ரூபாய். அதாவது ஒரு மின்குமிழும் ஒரு டிவியும் எரிய, அம்மா ஒரு பேருக்கு மேல் கொழுந்து எடுக்க வேண்டும். அரைப்பேர் விழுந்தால் கதை கந்தல். பிறகு கட்டணத்தைக் குறைத்தார்கள், கூட்டினார்கள், இன்னும் குறைத்தார்கள். ஆனால் அந்த வருசம் எங்கள் வீடுகளுக்கு ஒன்றை நன்றாகக் கற்றுக்கொடுத்தது: ஒரு யூனிட் என்றால் என்ன என்று. ஆபிஸ் சீலிங்குகளுக்கு அந்தப் பாடத்தை யார் எடுப்பது?

ஆபிஸில் மிச்சம் பிடிக்கிற 59 யூனிட் நேராக வந்து லயத்துக் காம்பராவில் எரியப் போவதில்லை. அவ்வளவு வெகுளிகள் இல்லை நாங்கள். ஆனால் அரச அலுவலகத்தின் கரண்ட் பில் எங்கள் வரிப் பணம். வங்கியின் கரண்ட் பில் எங்கள் அடகு வட்டி. அதைவிட முக்கியம், அடுத்த சுரங்கத்துக்கு, அடுத்த அணைக்கு "மின்சாரத் தேவை கூடுகிறது" என்று சொல்லும்போது, அந்தத் தேவைக்குள் அலுமாரிக்கு வெளிச்சம் போட்ட யூனிட்டும் சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் இந்த நாட்டுல நடக்குற காரியமா?

நடந்திருக்கிறது. கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக ஜெஃப்ரி பாவா 1970களின் நடுப்பகுதியில் ஒரு உயரமான அலுவலகக் கட்டிடத்தை வரைந்தார். காற்றும் பகல் வெளிச்சமும் உள்ளே வர வேண்டும் என்பதை வைத்தே கட்டிடத்தின் வடிவத்தைத் தீர்மானித்தார். பிறகு அது மகாவலிக் கட்டிடம் ஆனது. மலைத் தண்ணீரை மின்சாரமாக்கிய திட்டத்தின் பெயரைத் தாங்கிய கட்டிடம், மின்சாரத்தைக் குறையத் தின்ன வேண்டும் என்று வரையப்பட்டது. இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

2008இல் துல்ஹிரியவில் எம்ஏஎஸ் நிறுவனம் துருலிய என்ற ஆடைத் தொழிற்சாலையைத் திறந்தது. லீட் பிளாட்டினம் சான்றிதழ் வாங்கிய கட்டிடம். அங்கேயும் முதலில் பகல் வெளிச்சம், அதற்குப் பிறகு தையல் நடக்கிற இடத்துக்கு மட்டும் சின்ன எல்ஈடி விளக்கு. பச்சைச் சான்றிதழை வைத்துத் தொழிலாளியின் சம்பளத்தையும் உரிமையையும் அளக்க முடியாது, அது வேறு விவாதம். ஆனால் ஊசி நுனியைப் பார்த்து வேலை செய்கிற இடத்திலேயே இந்த முறை சரிவரும் என்றால், ஃபைல் புரட்டுகிற ஆபிஸில் ஏன் சரிவராது?

சட்டமும் இல்லாமல் இல்லை. 2007இல் சட்டம் போட்டு நிலைபேறான வலுசக்தி அதிகார சபையை அமைத்தார்கள். 2008இல் கட்டிடங்களுக்கான வலுசக்திச் சிக்கனக் கோவையும் வந்தது. கோவை கொழும்பில் ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல் இருக்கிற அலுமாரிக்கு மேலேயும் ஒரு பேனல் எரியும், வேண்டுமானால் போய்ப் பாருங்க.

நாங்கள் கேட்பது

பெரிசா ஒன்றும் இல்லை. நகர சபை, பிரதேச சபை, பிரதேச செயலகம், தோட்டக் கம்பனி ஆபிஸ், வங்கிக் கிளை, எல்லாருக்கும் இதே பட்டியல்தான்.

ஒன்று. ஜன்னலோர வரிசைக்குத் தனிச் சுவிட்ச். திரையைத் திறங்க. திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்றால் மேசையைத் திருப்பிப் போடுங்க, ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி.

இரண்டு. சீலிங்கில் பாதியைக் கழற்றுங்க. மேசைக்கும் கவுன்டருக்கும் விளக்கு வைங்க. முதல் விளக்கு கவுன்டருக்கு, சனம் நிற்கிற பக்கத்துக்கு.

மூன்று. இனிமேல் தொங்கு சீலிங் அடித்தால் ஜன்னலின் மேல் விளிம்புக்குக் கீழே இறக்கக் கூடாது. சீலிங் வெள்ளையாக இருக்கட்டும். வார்னிஷ் பூசிய கறுத்த பலகை வெளிச்சத்தைக் குடிக்கும்.

நான்கு. டெண்டர் போடும்போது "எத்தனை பேனல்" என்று கேட்காதீங்க. "மேசையில் எத்தனை லக்ஸ், சதுர மீட்டருக்கு எத்தனை வாட்" என்று கேளுங்க. பதில் தெரியாத கொந்தராத்துக்காரருக்கு வேலை கொடுக்காதீங்க.

ஐந்து. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விளக்கையும் ஜன்னல் கண்ணாடியையும் துடைங்க. எங்கள் ஊர் ஈரத்தில் தூசியும் பூஞ்சணமும் படிந்த விளக்கு, கரண்டை முழுசாகத் தின்று வெளிச்சத்தைக் குறைத்துத்தான் தரும்.

ஆறு. அரச அலுவலகங்கள் அந்தந்த மாதம் எரித்த யூனிட்டை வாசலில் எழுதி ஒட்டட்டும். 30 யூனிட்டுக்குள் குடும்பம் நடத்துகிறவர்கள் அதை வாசித்துவிட்டு உள்ளே வரட்டும்.

இந்த ஆறையும் செய்து முடித்த பிறகு எங்கள் லயத்துக்கு வந்து, சிக்கனத்தைப் பற்றிப் பேசுங்க. உட்கார வைத்து, தேத்தண்ணி ஊத்திக் கொடுத்து, கடைசி வரைக்கும் கேட்போம்.